அண்ணியின் காப்புரிமையும் ராயக்கோட்டைச் சாமந்தியும்

1

இன்று காலை என் சைக்கிளுக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் ஒரு முழம் சாமந்தி சுற்றி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு டச்சு அம்மா நாயோடு நின்று முழுச் சடங்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிளுக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன். ஆயுத பூஜையை டச்சு மொழியில் விளக்கிக்கொண்டிருந்தால் ரயிலைப் பிடிக்க முடியாது. அவரும் கைகுலுக்கி எனக்கு வாழ்த்துச் சொன்னார். இந்த நாட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் சுற்றியிருக்கிற எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ஞாயிறு தவறாமல் மாதா கோவில் பூசைக்குப் போகிற ஸ்டெல்லாவுக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று ஓசூரில் என்னைத் தெரிந்தவர்கள் கேட்கலாம். சிப்காட் தொழிற்பேட்டையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கேள்வியே இல்லை. எங்கள் அப்பா பட்டறை வைத்திருந்த காலத்திலேயே மேசைக்கு மேலே திரு இருதய ஆண்டவர் படம் இருக்கும், கீழே லேத் மெஷினுக்கு மாலை விழும். ஆனால் இந்த வருஷம் நான் சைக்கிளுக்குப் பூச்சுற்றியது வேறு காரணத்துக்காக. சாமந்திப்பூ எங்கள் குடும்பத்துக்கு ஒரு வழக்கை ஜெயித்துக் கொடுத்திருக்கிறது. சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். நானே ரயிலில் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் வந்தேன், எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

2

நான் நெதர்லாந்துக்குக் கல்யாணமாகி வந்தவள். பூ இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. கென்யாவிலிருந்து, எத்தியோப்பியாவிலிருந்து, காதலர் தினம் நெருங்கினால் எங்கள் ஓசூரிலிருந்தும் ரோஜாப் பெட்டிகள் வரும். பெட்டியைத் திறந்து, மொட்டைத் திருப்பிப் பார்த்து, இதழில் கறுப்பு விழுந்திருந்தால் ஓரமாகத் தள்ள வேண்டும். ஓசூர்ப் பெட்டி வந்தால் மட்டும் முதலில் மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வேன். ஏற்றுமதி ரோஜாவுக்கு வாசனை கிடையாது, அட்டைப்பெட்டி வாசனைதான் வரும். ஆனாலும் இழுப்பேன்.

ரோஜாத் தோட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பசுமைக்குடிலில் மொட்டு பட்டாணி அளவைத் தாண்டியதும் அதற்கு ஒரு வலைக் குல்லாய் மாட்டுவார்கள். நூல் வலைதான், இழுத்தால் விரியும். அது இருந்தால்தான் மொட்டு அவசரப்பட்டு விரியாமல் பெரிதாக வளரும். ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு குல்லாய், கையால் மாட்ட வேண்டும். மாட்டும்போது வலை இதழில் உரசினால் அங்கே கறுப்பு விழும். அந்தக் கறுப்பைத்தான் நான் இங்கே உட்கார்ந்து ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் சேவியர் ஓசூரில் சின்னப் பட்டறை நடத்துகிறார். அண்ணி பிலோமினா பாகலூர் ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் சூப்பர்வைசர். அண்ணியைப் பற்றி ஒரே வார்த்தையில் சொன்னால், சத்தம். அவர் வீட்டுக்குள் வந்தால் ஃபேன் ஓடும் சத்தம் கேட்காது. தன்னடக்கம் என்பது அவருக்குக் கிட்ட வந்ததே இல்லை.

ஒருநாள் காலையில் மகனுக்குப் பள்ளிக்கூட சாக்ஸ் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே பாதியில் எழுந்து நின்றுவிட்டாராம். சாக்ஸை யாரும் இழுத்து ஏற்றுவதில்லை. நுனிவரை சுருட்டிக்கொண்டு, விரலில் வைத்து, உருட்டிவிடுகிறோம். அப்படி மாட்டினால் தோலில் உரசாது. மொட்டுக்கும் ஏன் அப்படி மாட்டக் கூடாது? மகன் அன்று ஒற்றைச் சாக்ஸோடு பள்ளிக்கூடம் போனான். அண்ணி பட்டறைக்குப் போனார்.

"எனக்கு ஒரு குழா செஞ்சி குடுங்க. வாயில விரலாட்டம் ஸ்பிரிங் வேணும். உள்ள குல்லாய சுருட்டி வச்சிக்கணும். மொட்டு மேல வச்சி அமுக்குனா அதுவா உருண்டு எறங்கணும்."

"ஆர்டரு வேல கெடக்குது" என்றார் அண்ணன்.

"எங்க கெடக்குது? காட்டுங்க பாக்கலாம்!"

வண்டிக் கம்பெனிகள் பழைய மாடல்களை நிறுத்த நிறுத்த, அவருக்கு வந்துகொண்டிருந்த சின்னச் சின்ன உதிரிபாக ஆர்டர்களும் நின்றுகொண்டே வந்த சமயம் அது. பாதி மெஷின்களுக்குத் துணி போர்த்தியாகிவிட்டது. குழாய் தயாரானது. வீட்டு மாடியில் அண்ணி வளர்க்கிற தொட்டி ரோஜாக்களின் எல்லா மொட்டுக்கும் குல்லாய் மாட்டிப் பார்த்தார்கள். ஒரு மொட்டிலும் கறுப்பு இல்லை. அண்ணி எனக்கு வீடியோவில் கூப்பிட்டு, "பாப்பா, ஒங்க ஊர்லயே இப்படி ஒன்னு கெடையாது. நாந்தான் ஃபர்ஸ்ட்டு!" என்று கத்தினார். தேடிப் பார்த்தேன். உண்மையிலேயே கிடையாது.

3

அதன் பிறகுதான் நான் வக்கீல் வேஷம் போட ஆரம்பித்தேன். எங்கள் கம்பெனியில் பூ ரகங்களுக்கெல்லாம் உரிமை வாங்கி வைப்பார்கள், அதனால் அரைகுறையாகக் கொஞ்சம் தெரியும். அண்ணனையும் அண்ணியையும் ஃபோனுக்கு முன்னால் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். ஊரில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும் என்பதால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

காப்புரிமை என்பது ஒரு பேரம். "நான் கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதித் தருகிறேன், பதிலுக்குக் கொஞ்ச வருஷத்துக்கு வேறு யாரும் இதைச் செய்து விற்காமல் பார்த்துக்கொள்" என்று அரசாங்கத்தோடு போடுகிற பேரம். அது கையில் இருந்தால் நாமே செய்து விற்கலாம், இல்லாவிட்டால் பெரிய கம்பெனி ஒன்றுக்கு உரிமம் கொடுத்து, அவர்கள் விற்கிற ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு வாங்கலாம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை, அதில்தான் ஆயிரம் பேர் வழுக்கி விழுகிறார்கள். மனு போடுகிற நாளுக்கு முன்னால் அந்தப் பொருள் வெளியே தெரிந்திருக்கக் கூடாது. இந்தியாவிலாவது சில விதிவிலக்குகள் உண்டு. ஐரோப்பாவில் மூச்சு விட்டாலே போச்சு. நீங்களே காட்டியிருந்தாலும், உலகத்தில் எந்த மூலையில் காட்டியிருந்தாலும், அது புதுசு இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

"அதனால யாருக்கும் காட்டாதீங்க. சர்ச்சுல கூட வாயத் திறக்காதீங்க அண்ணி" என்றேன்.

"நான் ஏம்மா சொல்லப் போறேன்?" என்றார், நாலு வீட்டுக்குக் கேட்கிற சத்தத்தில்.

பிறகு சென்னையில் மனு, அதை வைத்து வெளிநாட்டு மனு. கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் அண்ணியின் பெயரைப் போட்டதும், மனு வேலைக்கு வைத்திருந்த ஏஜெண்ட் ஒருவர், "மேடம் பேர்லயா? சாருக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லையே?" என்று அண்ணனிடம் மூன்று தடவை கேட்டாராம். ஐரோப்பிய மனுவில் குடும்பப் பெயர் வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். நமக்கு ஏது? அண்ணிக்கு இனிஷியலாக இருந்த சேவியரையே குடும்பப் பெயராக்கி, பதிவேட்டில் "சேவியர், பிலோமினா" என்று ஏறியது. அண்ணன் அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, "பாத்தியா, எம்பேருதான் மொதல்ல வருது" என்று ஊரெல்லாம் காட்டினார்.

"அது வெறும் இனிஷியலு" என்றார் அண்ணி.

ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தது. இங்கே தோட்டக் கருவிகள் செய்கிற ஒரு டச்சுக் கம்பெனி உரிமம் கேட்டு வந்தது. கைப்பிடியும் குழாயும் அவர்கள் செய்வார்கள், நுணுக்கமான வாய்ப்பகுதியை மட்டும் ஓசூரில் அண்ணன் பட்டறையில் செய்து அனுப்ப வேண்டும், விற்பனையில் அண்ணிக்குப் பங்கு. அண்ணன் மெஷின்களின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டார். குருபரப்பள்ளியிலிருந்து வரும் பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

4

அப்போதுதான் எதிர்ப்பு மனு வந்தது.

கொடுத்த காப்புரிமையை ரத்து செய்யக் கேட்டு யார் வேண்டுமானாலும் குறிப்பிட்ட காலத்துக்குள் எதிர்க்கலாம். எதிர்த்தது இன்னொரு தோட்டக் கருவிக் கம்பெனி, டச்சுக் கம்பெனிக்குப் போட்டியாளர். அவர்கள் காட்டிய ஆதாரம் ஒரு வீடியோ. தலைப்பு: "எங்கள் கம்பெனியின் புதிய கண்டுபிடிப்புக்கு ஆயுத பூஜை!" பட்டறையில் வேலை செய்கிற யாரோ பெருமையில் ஃபேஸ்புக்கில் போட்டது. தேதி, சென்னையில் மனு போட்டதற்கு முந்தைய வாரம்.

உடனே ஃபோனைப் போட்டேன்.

"அண்ணி! பூஜைல வச்சீங்களா?"

"வைக்காம? புது டூல பூஜைக்கு வைக்கலன்னா வர்க்கர்ஸ்ங்க என்னா நெனப்பாங்கோ?"

"யாருக்கும் காட்டாதீங்கன்னு சொன்னேனே!"

"நான் எங்க காட்டுனேன்? சாமிக்குத்தானே காட்டுனேன்!"

சாமிக்குக் காட்டினால் கணக்கில்லை என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. அதோடு ஓசூரில் ஆயுத பூஜை என்றால் சாமி மட்டுமா வருவார்? ஷட்டரை முழுசாகத் தூக்கிவிடுவார்கள். ஆட்களின் வீட்டம்மாக்கள், பிள்ளைகள், பக்கத்துப் பட்டறைக்காரர்கள், கஸ்டமர்கள், போட்டியாளர்கள், கரண்ட் ஆபீஸ்காரர், சும்மா ரோட்டில் போனவர் எல்லாரும் பொரிப் பொட்டலத்துக்கு வருவார்கள். வருஷம் முழுக்க "அனுமதி இன்றி உள்ளே வரக்கூடாது" என்று போர்டு மாட்டியிருக்கிற இடம், அந்த ஒரு நாள் மட்டும் கல்யாண வீடு. இதைவிடப் பகிரங்கமான ஒரு இடத்தை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த வீடியோவை அண்ணன் அன்றே குடும்ப குரூப்பில் அனுப்பியிருக்கிறார். நானும் பார்க்காமலே ஒரு இதயத்தைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

அண்ணன் ஃபோனை வாங்கினார்.

"பாப்பா, ஆளுங்கள திருப்பி அனுப்பிடட்டுமா?" என்றார்.

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. காப்புரிமை போனால் டச்சுக் கம்பெனி கையெழுத்துப் போடாது. அதைச் சொல்லியும் விட்டார்கள். ஊரில் இருந்திருந்தால் பஸ் பிடித்துப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இங்கிருந்து "இரு அண்ணே, பார்க்கலாம்" என்று சொல்வதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. தூர தேசத்தில் இருப்பதில் எனக்கு ஆகவே ஆகாத விஷயம் இதுதான்.

5

எங்கள் காப்புரிமை வக்கீல் வில்லெம் என்கிற டச்சுக்காரர். நல்ல மனிதர், ஒட்டகச்சிவிங்கி உயரம். அவர் ஆபீஸில் பெரிய திரையில் வீடியோவைப் போட்டோம். பின்னணியில் பக்திப் பாட்டு ஸ்பீக்கர் கிழிகிற சத்தத்தில் ஓடியதால், முதல் நொடியிலேயே அவர் ஒலியை நிறுத்திவிட்டார்.

மேசை மேல் வாழைக்கன்று, பூசணிக்காய், பழம், பொரி. நடுவில் ஒரு சாமந்தி மலை. அண்ணியின் தம்பிக்கு ராயக்கோட்டைப் பக்கம் பூத்தோட்டம், அக்காவின் முதல் கண்டுபிடிப்பு என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். அந்த மலைக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு உலோக நுனி தெரிந்தது. எதிர்த்தரப்பு அதைப் படமெடுத்துப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, "கருவியின் வாய்ப்பகுதி, நீண்ட விரல்களுடன்" என்று எழுதியிருந்தார்கள்.

வில்லெம் தலையைச் சொறிந்தார். "இது கொஞ்சம் சிக்கல்" என்றார். டச்சுக்காரர்கள் கொஞ்சம் சிக்கல் என்றால் வீடு எரிகிறது என்று அர்த்தம்.

படத்தை அண்ணிக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் ஃபோன் அலறியது.

"அய்யோ தேவுடா! பாப்பா, அது ஊதுபத்தி ஸ்டாண்டு! காவேரிப்பட்டினம் சந்தையில நான் வாங்குனது! அதுக்குப் போயி வட்டம் போட்டுக்கினு இருக்கானுங்க!"

வில்லெமுக்கு இதை மொழிபெயர்த்தேன். ஊதுபத்தி மாட்டுகிற குழல்களைத்தான் அவர்கள் விரல்கள் என்று எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர் சத்தமே இல்லாமல் சிரித்தார், மேசை மட்டும் ஆடியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லது. ஆனால் பூவுக்கு அடியில் கருவி இருந்தது, வந்தவர்கள் நேரில் பார்த்திருக்கலாம் என்று சொல்வார்களே?" என்றார்.

6

என் மகள் ரீனாவுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். சின்ன வயதில் ஓசூர் போனால் தாத்தா பட்டறையில் இரும்புச் சுருளை வளையலாகப் போட்டுக்கொண்டு திரிந்த பெண். இப்போது ஊர் என்றால் "அங்கே வைஃபை மெதுவாக இருக்கும்" என்பதுதான் அவளுக்கு ஞாபகம். அவளுக்குத் தமிழ் மறந்துவிட்டது என்று நான் பல தடவை பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதிருக்கிறேன். ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அந்த வாரம் நான் சாப்பாட்டு மேசையில் அந்த வீடியோவை ஒலியில்லாமல் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரீனா எட்டிப் பார்த்துவிட்டு, தன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி, காதில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து கெக்கெக்கே என்று சிரிப்பு. இறங்கி வந்தவளால் பேச முடியவில்லை. சிரிப்புக்கு நடுவே டச்சில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்றதும், அவளாகவே தமிழுக்கு மாறினாள்.

"மாமா திட்டுறாரு மா! டூலே தெரியலன்னு திட்டுறாரு!"

காதில் மாட்டிக் கேட்டேன். பாட்டுக்கு அடியில், வீடியோ எடுத்தவனுக்குப் பக்கத்திலேயே நின்று, என் அண்ணன் கத்திக்கொண்டிருக்கிறார்.

"ஏய் பிலோ! ரெண்டு நாளா பாலீஷ் போட்டு வச்சேன், டூலே தெரியலடி! பூக்கட வச்சிக்கிற மாரி இருக்குது!"

அண்ணியின் குரல் பாட்டையே அமுக்கிக்கொண்டு வருகிறது: "தெரியலன்னா போவுது! நீங்க சும்னே இர்ரீ! டேய், இன்னும் ரெண்டு மொழம் போடுறா!"

சும்னே இர்ரீ என்றால் கன்னடத்தில் சும்மா இருங்க என்று அர்த்தம். கோபம் வந்தால் அண்ணிக்குக் கன்னடம் வரும், ஆச்சரியம் வந்தால் தெலுங்கு. நானும் ரீனாவும் சமையலறையில் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். எதிர்த்தரப்பு தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்த ஆதாரம்! அவர்களும் ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள்.

குதித்து முடித்ததும் ரீனா டச்சுக்குத் திரும்பிவிட்டாள். பீட்சா வேண்டும் என்றாள். அன்றைக்கு அவள் என்ன கேட்டிருந்தாலும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

7

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை காணொளியில் நடந்தது. இங்கே காலை, ஓசூரில் மதியம். பொதுமக்களும் பார்க்கலாம் என்று விதி இருப்பதால் அண்ணன் பட்டறையே உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் சலவைச் சட்டை. ஒரு மெஷினை நிறுத்த மறந்துவிட்டதால் தொம் தொம் என்று சத்தம் வர, விசாரணைக் குழுவின் தலைவர் அம்மையார் "பொதுமக்கள் ஒலியை அணைக்கவும்" என்று கேட்டுக்கொண்டார். அண்ணன் எழுந்து கும்பிட்டார்.

சாட்சியாக அண்ணி. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பின்னால் சுவரில் திரு இருதய ஆண்டவர். மொழிபெயர்ப்பாளர் ஜெர்மனியில் வாழ்கிற ஈழத்துக்காரர், பொறுமைசாலி. அண்ணியின் ஓசூர்த் தமிழை இரண்டு தடவை திருப்பிக் கேட்டு, ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு ஆங்கிலமாக்கினார்.

முதலில் வீடியோவின் பேச்சை, முறையாக மொழிபெயர்த்து முத்திரை குத்திய ஆங்கிலத்தில் வாசித்தார்கள். "ஆண் குரல்: கருவி அறவே தென்படவில்லை. இது ஒரு மலர் விற்பனை நிலையத்தை ஒத்திருக்கிறது. பெண் குரல்: தென்படாவிட்டால் பரவாயில்லை. தாங்கள் அமைதி காக்கவும்." என் அண்ணனும் அண்ணியும் வாழ்க்கையில் முதல் தடவையாக இவ்வளவு மரியாதையாகச் சண்டை போட்டார்கள். தலைவர், இரு குரல்களுக்கும் என்ன உறவு என்று கேட்டார். "கல்யாணம் ஆயிடுச்சிங்க" என்றார் அண்ணி, வருத்தமாக.

எதிர்த்தரப்பு வக்கீல் விடுவதாக இல்லை. "வந்தவர்கள் யாராவது பூவை விலக்கி, கருவியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க முடியும் அல்லவா?"

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். வில்லெம் அண்ணிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித்தரவில்லை, சாட்சிக்குச் சொல்லித்தரக் கூடாது.

அண்ணி அந்த வக்கீலை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூஜையில வச்ச டூல எவன் சார் தொடுவான்? அன்னிக்கி ஸ்க்ரூடிரைவரக்கூட தொட மாட்டாங்கோ. லைட்டு போனாக்கூட மறுநாளுதான் சார் பாப்போம். மறுநாளு நாந்தான் பூவ எடுத்தேன், நாந்தான் டூல பீரோல வச்சேன். வந்தவன் எல்லாம் பொரிப் பொட்டலத்து மேலதான் கண்ணா இருந்தான்."

"ஆனால் நீங்கள் கிறிஸ்தவர் என்று உங்கள் வாக்குமூலத்திலேயே இருக்கிறதே. அந்த வழக்கம் உங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?"

"நான் கிறிஸ்டியன்தான் சார். ஆளுங்க கும்புட்டுட்டு நிக்கறாங்க. அவங்க கும்புட்ட சாமானத்த நான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தா மருவாதியாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் கடைசி வாக்கியத்தையும் விடாமல் மொழிபெயர்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "அந்த உலோகப் பகுதி?" என்று கடைசியாகச் சிவப்பு வட்டத்தைக் காட்டினார். அண்ணி மேசைக்கு அடியில் குனிந்து, அந்த ஊதுபத்தி ஸ்டாண்டையே எடுத்துத் திரைக்கு முன்னால் நீட்டினார். பத்தி ஏற்றியே கொண்டுவந்திருந்தார்.

தலைவர் அம்மையார் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, முன்னும் பின்னும் ஓட்டி, மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இரண்டு உறுப்பினர்களையும் பார்த்தார்.

"எனக்குப் பூ மட்டும்தான் தெரிகிறது" என்றார்.

அவர்கள் கலந்து பேசப் போனார்கள். நான் அந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஜன்னல் துடைத்தேன் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து சொன்னார்கள்: எதிர்ப்பு தள்ளுபடி, காப்புரிமை கொடுத்தபடியே நீடிக்கிறது. ஓசூரில் ஒலியை அணைத்துத்தான் வைத்திருந்தார்கள், அதனால் ஒரு கூட்டம் சலவைச் சட்டைக்காரர்கள் சத்தமே இல்லாமல் குதிப்பது மட்டும் தெரிந்தது. அண்ணன் குதிக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்வையாளர் வரிசையில் கடைசியாக ஒரு சின்னக் கட்டம், அதில் "ரீனா" என்று பெயர். பள்ளிக்கூட நூலகத்தில் ஒளிந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் கள்ளி. நான் வாய்விட்டு அழுதேன், சந்தோஷமாகவே அழுதேன்.

8

டச்சுக் கம்பெனி கையெழுத்துப் போட்டது. வாய்ப்பகுதிகள் ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாக வருகின்றன. கென்யாவில் ரோஜாத் தோட்டங்களில் அண்ணியின் கருவியை வைத்துக் குல்லாய் மாட்டுகிறார்களாம். இங்கே எங்கள் கம்பெனியில் கறுப்பு விழுந்த மொட்டு குறைந்துகொண்டே வருகிறது. ஓரமாகத் தள்ள ஒன்றும் இல்லாமல் நான் வேலையில் கொட்டாவி விடுகிறேன். அண்ணி இப்போது யார் எது கேட்டாலும் "ஓம்" என்கிறார். அண்ணன் இன்னும் அந்தப் பிரிண்ட்டைச் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறார்.

இன்று மதியம், பூச்சுற்றிய சைக்கிளோடு வீட்டுக்குத் திரும்பியதும், ஊரிலிருந்து வீடியோ அழைப்பு. பட்டறையில் பூஜை. அதே கூட்டம், அதே பாட்டு, அதே கிழிந்த ஸ்பீக்கர். ரீனாவும் வந்து என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டாள். அண்ணி கேமராவை மேசைப் பக்கம் திருப்பினார். அந்த வீடியோவில் இருந்ததைவிடப் பெரிய சாமந்தி மலை. அதன் பக்கத்தில், ராஜமரியாதையோடு, அந்த ஊதுபத்தி ஸ்டாண்டு.

"என்ன அண்ணி, இவ்வளவு பூ? பழைய டூலுக்கா?"

"பழசு அங்க ஓரமா இருக்குது, அதுக்கு ஒரு மொழந்தான்."

"அப்போ இது?"

அண்ணி இரண்டு பக்கமும் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்ததைக் கேட்டேன்.

"பாப்பா, இது வேற. புச்சு. ஒங்க அண்ணனுக்கே முழுசா தெரியாது."

"மாமி, உள்ள என்ன?" என்றாள் ரீனா. தமிழில்தான் கேட்டாள்.

"கண்ணு, ஒனக்கு என்னா தெரியுது, சொல்லு?"

ரீனா திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், அந்தத் தலைவர் அம்மையாரைப் போலவே கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"பூ மட்டும்தான் தெரியுது மாமி."

"அவ்ளோதான் தெரியணும். இன்னும் மனு போடல" என்றார் அண்ணி. பிறகு திரும்பி, பாட்டையே அமுக்குகிற தன் பழைய குரலில் கத்தினார்: "டேய், இன்னும் ரெண்டு மொழம் போடுறா!"